கொடி வேண்டாம், மண்வெட்டி கொண்டு வாங்க

(வார்டு பூங்கா, ஏரிக்கரைத் தன்னார்வலர்களுக்கான முதல் சந்திப்பில் நம் ஐ.டி. பிரிவுத் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். படிங்க, உங்க வார்டு குரூப்ல பகிருங்க.)



மேடையில இருக்கிற ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி "அவர்களே, அவர்களே"ன்னு ஆரம்பிச்சா பத்து நிமிஷம் போயிரும். எனக்குக் கொடுத்ததே அரை மணி நேரம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கமா வெச்சுக்கறேன். வட்டச் செயலாளர் அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது.

ஒவ்வொரு வார்டுலயும் ஒரு பூங்கா, இல்லைன்னா ஒரு ஏரிக்கரை, இல்லைன்னா கொஞ்சம் கடற்கரை, அதை நம்ம தோழர்கள் தொடர்ந்து கவனிச்சுக்கணும்னு தலைமை சொன்னதுல இருந்து எனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு. "தம்பி, எத்தனை மரக்கன்று?" "ஃப்ளெக்ஸ் எட்டுக்குப் பத்தா, பத்துக்குப் பன்னிரண்டா?" "டீ-ஷர்ட்ல தலைவர் படம் முன்னாடியா, பின்னாடியா?"

பதில் சொல்லிடறேன். மரக்கன்று இப்போதைக்கு பூஜ்ஜியம். ஃப்ளெக்ஸ் கிடையாது. 2019-ல பள்ளிக்கரணை ரோட்ல ஒரு பேனர் என்ன பண்ணுச்சுன்னு இங்க யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. டீ-ஷர்ட்? வீட்ல இருக்கிறதுலயே பழசு, சேறு பட்டா அம்மா திட்டாததா பார்த்துப் போட்டுட்டு வாங்க.

சிலருக்கு முகம் மாறுது. "அப்ப கட்சிக்கு என்ன லாபம்?"னு நினைக்கிறீங்க. நியாயமான கேள்விதான், அதுக்கும் வரேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்.

பத்துக்குப் பத்து வீட்ல நாலு பேர் இருக்கிற குடும்பத்துக்கு ஹால் எது தெரியுமா? தெரு முனைப் பூங்காதான். அங்கதான் தாத்தா பேப்பர் படிக்கிறார், பிள்ளை பரீட்சைக்குப் படிக்குது, அக்கா செல்போன்ல யார்கிட்டயோ மனசு விட்டுப் பேசறாங்க. மால்ல உக்காரணும்னா ஒரு காபியாவது வாங்கணும். கிளப்புக்குப் போகணும்னா உறுப்பினரா இருக்கணும். டிக்கெட் இல்லாம, "யாரு நீ?"ன்னு யாரும் கேக்காம போய் உக்காரக்கூடிய இடம் நகரத்துல ரொம்பக் கம்மி. மத்திய அரசோட நகர திட்டமிடல் வழிகாட்டி, 2014-ல வந்தது, ஒரு ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்கணும்னு சொல்லுது. சென்னை அதுக்குப் பக்கத்துலகூட வராது. 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு, மாநகராட்சி கையில எழுநூறுக்கு மேல பூங்கா. எண்ணிக்கையைப் பார்த்தா நிறைய மாதிரி தெரியும். நேர்ல போய்ப் பாருங்க, பல பூங்கா ரெண்டு கல்யாண மண்டப அளவுகூட இருக்காது. அதுலயும் பாதி நேரம் கேட்டுல பூட்டு.

அதனால இருக்கிற கொஞ்ச இடத்தையாவது உருப்படியா வெச்சுக்கணும். இதுல நாம என்ன செய்ய முடியும், என்ன செய்யவே கூடாதுன்னு பேசத்தான் வந்திருக்கேன்.

முதல்ல மரக்கன்று விவகாரம். எல்லாக் கட்சியும் செய்யறதுதான், நம்மளும் விதிவிலக்கு இல்ல. தலைவர் பிறந்தநாளுக்கு நூறு கன்று, ஆயிரம் கன்று. ஒரு குழியைச் சுத்தி பன்னிரண்டு பேர் நிப்பாங்க. பன்னிரண்டு பேர் கையும் அந்தக் கன்று மேல இருக்கும். செடி பாவம், மூச்சு முட்டியே பாதி செத்துடும். போட்டோ அன்னைக்கு நைட்டே ஏறிடும், லைக்கும் வரும். சித்திரை வெயில்ல அந்தக் குழிக்கு யார் தண்ணி ஊத்தினாங்கன்னு கேட்டா பதில் இருக்காது. நட்ட கன்றுக்கு முதல் ரெண்டு கோடை தாண்டறதுதான் பரீட்சை. அந்த ரெண்டு கோடைக்கு ஆள் இல்லாம நடறது, பரீட்சை எழுதாமலே ரிசல்ட் போஸ்டர் ஒட்டற மாதிரி.

இன்னொன்னு, எல்லா இடத்துலயும் மரம் நடக் கூடாது. சதுப்பு நிலத்துல மரம் தேவையில்ல. கடற்கரையில அலை வந்து போற இடத்துக்குப் பக்கமா சவுக்கு நட்டா, ஆமை முட்டை போடற மணல் போயிடுது. ஏரிக்கரை மண்ணால கட்டினது. அது உச்சியில ஆல், அரசு நட்டா, பிற்காலத்துல வேர் அழுகின ஓட்டை வழியா நீர் கசிய ஆரம்பிக்கும். கரை உடையறதுக்கு அதுவே வழியாகும். "பசுமை"ங்கிற ஒரே வார்த்தையில எல்லாத்தையும் போட்டுட முடியாது தோழர்களே.

சரி, தன்னார்வலர் வேலை உருப்படியா நடந்த இடமே இல்லையா? இருக்கு. நம்ம ஊர்லயே இருக்கு. நம்மள்ல பாதிப் பேர் பெசன்ட் நகர் பீச்சுக்கு பஜ்ஜி சாப்பிடத்தான் போயிருப்போம். அதே மணல்ல, ஜனவரியில இருந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும், நடுராத்திரியில ஒரு கூட்டம் நடந்து போகும். டார்ச் அடிக்க மாட்டாங்க, சத்தம் போட மாட்டாங்க. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு. 1988-ல மாணவர்கள் ஆரம்பிச்சது. நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் சுமார் 7 கிலோமீட்டர், கடலோரமாவே நடை.

எதுக்கு? பங்குனி ஆமை முட்டை போட கரைக்கு வர்ற காலம் அது. ராத்திரியில ஏறி வந்து, பின்னங்காலால குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல போட்டு, மணலை மூடிட்டுத் திரும்பிப் பார்க்காம கடலுக்குப் போயிடும். போன தடம் மட்டும் மணல்ல இருக்கும், சின்ன டிராக்டர் போன மாதிரி. அந்தத் தடத்தைப் பார்த்து, குழி எங்க இருக்குன்னு குச்சியால பதமாத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கணும். விட்டா நாய் தோண்டிடும், இல்ல ஆள் எடுத்துட்டுப் போயிடுவாங்க. முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்துல அதே ஆழத்துக்கு, அதே வடிவத்துல குழி தோண்டி வெக்கணும். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை முட்டைன்னு எழுதி வெக்கணும். ஒன்றரை மாசத்துக்கு மேல ஆகும், குஞ்சு வெளிய வரும். அதை எண்ணி, கடல் ஓரத்துல விடணும்.

இதுல விளக்கு ஒரு பெரிய வில்லன். குஞ்சுகள் வெளிச்சமான திசையைப் பார்த்துத்தான் நகரும். காலங்காலமா ராத்திரியில வெளிச்சமான திசைன்னா கடல்தான். இப்ப நாம கரையில ஹைமாஸ்ட் போட்டு வெச்சிருக்கோம். பிறந்த அஞ்சு நிமிஷத்துல ரோட்டைப் பார்த்து நடக்குது. அதுக்காக வருஷா வருஷம் விளக்கைக் குறைக்கச் சொல்லி மனு கொடுக்கிற வேலையும் அந்தத் தன்னார்வலர்களோடதுதான்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன், எதைப் பார்த்தாலும் "இது எப்படி ஓடுது?"ன்னுதான் முதல்ல பார்ப்பேன். 1988-ல தொடங்கின ஒரு விஷயம், ஒவ்வொரு வருஷமும் மாணவர்கள் படிப்பு முடிச்சு வேலைக்குப் போயிட்டே இருக்கும்போதும், எப்படி நிக்காம ஓடுது? நான் புரிஞ்சுகிட்டது இது. வேலை ஒண்ணே ஒண்ணுதான். அந்த வேலைக்கு நேரமும் பாதையும் மாறாது. புதுசா வர்றவங்க பழைய ஆள் பின்னாடி நடந்து நடந்துதான் கத்துக்கணும், முதல் நாளே முட்டையைத் தொட முடியாது. எல்லாம் நோட்டுல பதிவாகுது, அதனால ஆள் போனாலும் விஷயம் போகல. இன்னொன்னு, அரசை விட்டுட்டு அவங்களாப் பண்ணல. இந்த ஆமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கிற உயிர். வனத்துறை அனுமதி இல்லாம யாரும் தொடக் கூடாது. சட்டப் பொறுப்பு துறைகிட்ட, ராத்திரி நடை தன்னார்வலர்கிட்ட. இந்தப் பங்கு பிரிப்பைத்தான் நீங்க மனசுல வெச்சுக்கணும்.

நம்ம ஆட்களோட பழக்கம் இதுக்கு நேர் எதிர். ஒரே நாள்ல முந்நூறு பேர் வருவோம், நூறு மூட்டை குப்பை எடுப்போம், அடுத்த ஞாயிறு மூணு பேர்கூட வர மாட்டோம். முந்நூறு பேர் ஒரு நாள் வர்றதைவிட அஞ்சு பேர் அறுபது ஞாயிறு வந்தா பூங்கா மாறும். கணக்குப் போட்டா ரெண்டும் முந்நூறு ஆள்-நாள்தான். ஆனா ரெண்டாவது கணக்குலதான் செடி பிழைக்கும்.

இப்ப வேலை என்னன்னு பார்ப்போம். நடைபாதையில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாரும் மிதிக்கிறது அதைத்தான், யாரும் பார்க்காததும் அதைத்தான்.

மண் பாதைக்கு எதிரி மனுஷன் கால்னு நினைப்போம். கால் கொஞ்சம்தான், முக்கால்வாசி தண்ணி. பாதையில ஒரு இடத்துல மழைத் தண்ணி தேங்குதுன்னு வைங்க. வாக்கிங் வர்ற அங்கிள் செருப்பு நனையக் கூடாதுன்னு ஓரமாச் சுத்திப் போவார். அவர் பின்னாடி வர்றவர் இன்னும் கொஞ்சம் ஓரமா. ரெண்டு மாசத்துல அந்த ஓரத்துப் புல் செத்துடும், மண் இளகும், குட்டை பெருசாகும், பாதை ரெண்டு மடங்கு அகலமாகும். கடைசியில மாநகராட்சி வந்து "மண் பாதை சரிப்பட்டு வராது"ன்னு பேவர் பிளாக் போட்டு, மரத்தோட கழுத்து வரைக்கும் சிமென்ட் பூசிட்டுப் போயிடும். இத்தனைக்கும் ஆரம்பத்துல தேவைப்பட்டது என்ன? பாதையோட ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தைவிடக் கொஞ்சம் தாழ்வா இருக்கணும். ஒரு மீட்டர் அகலப் பாதைன்னா மூணுல இருந்து அஞ்சு சென்டிமீட்டர். அவ்வளவுதான். தண்ணி நிக்காம வழிஞ்சு ஓடிடும். ஒரு மழை விட்டதும் போய்ப் பார்த்து, எங்க தேங்குதோ அங்க மண்வெட்டியால சின்னதா ஒரு வழி வெட்டி விடற வேலைதான் உலகத்துல எந்த ஊர் தன்னார்வலரும் பாதைக்குச் செய்யற பெரிய உதவி. இதை எந்தப் போட்டோவுலயும் காட்ட முடியாது, ஏன்னா நல்லா வேலை செஞ்சா அங்க ஒண்ணுமே தெரியாது.

ஏரிக்கரைக்கு இதைச் செய்யாதீங்க, ப்ளீஸ். கரையில மண்வெட்டி போடறதுக்கு முன்னாடி அந்த ஏரி யார் பொறுப்புல இருக்கோ அந்தத் துறைப் பொறியாளரைக் கேக்கணும். நம்ம பார்வைக்கு அது வாக்கிங் பாதை, அவர் கணக்குல அது அணை.

அடுத்தது சீமைக் கருவேலம். நம்ம ஆளுங்க ஆர்வமா அரிவாள் எடுத்துட்டு வந்து மேல வெட்டுவாங்க, செல்ஃபி எடுப்பாங்க. அது அடியில இருந்து நாலு கிளையாத் துளிர்க்கும். முன்னாடி ஒத்தை மரம், இப்ப புதர். எடுத்தா வேரடியோட எடுக்கணும். எடுத்த இடத்துல என்ன வரணும்னு தெரிஞ்சுதான் எடுக்கணும். தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட இருக்கணும்.

இதைத் தவிர, உடம்பு வளையாத வேலைகளும் நிறைய இருக்கு. எந்த விளக்கு எரியல, எந்த ஊஞ்சல் சங்கிலி தேய்ஞ்சிருக்கு, கழிப்பறையில தண்ணி வருதா, சக்கர நாற்காலி கேட்டைத் தாண்டி உள்ள வர முடியுதா. நம்ம மகளிர் அணி அக்கா ஒருத்தங்க போன வாரம் சொன்னது எனக்கு உறைச்சுது. "தம்பி, நீங்க ஆம்பளைங்க பார்க்கைப் பார்த்தா பெஞ்ச் எங்கன்னு பார்ப்பீங்க. நாங்க இருட்டு எங்கன்னு பார்ப்போம்." அதனால ஒவ்வொரு குழுவுலயும் குறைஞ்சது ரெண்டு பெண்கள் இருக்கணும், சாயந்தரம் ஏழு மணிக்கு ஒரு தடவை பார்க்கைச் சுத்தி வரணும். அந்தப் பட்டியலை அவங்கதான் எழுதணும்.

செய்யவே கூடாத வேலை ஒண்ணு இருக்கு. இதுல நான் கொஞ்சம் கறாராப் பேசறேன், மன்னிச்சுக்கங்க. தூய்மைப் பணியாளர் செய்யற வேலையை நாம இலவசமாச் செய்யக் கூடாது. கேக்க நல்ல மனசு மாதிரிதான் தெரியும். ஆனா "தன்னார்வலர்கள் பார்த்துக்கறாங்களே"ன்னு சொல்லி ஒரு பூங்காவுக்கு ரெண்டு ஆள் இருந்த இடத்துல ஒரு ஆளாக் குறைக்கிறது ரொம்பச் சுலபம். ஏற்கெனவே ஒப்பந்தத்துல, குறைஞ்ச கூலியில நிக்கிற ஒரு அம்மாவோட வேலையை, மாச சம்பளம் வாங்கற நாம ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்காப் பறிக்கிறதுக்குப் பேர் சேவை கிடையாது. நாம அந்த அம்மாகிட்டப் போய்க் கேக்கணும், "அக்கா, உங்களுக்கு கையுறை கொடுத்தாங்களா? வண்டி இருக்கா? துணி மாத்த இடம் இருக்கா?"ன்னு. இல்லைன்னா, நம்ம மனுவுல முதல் வரி அதுதான். வடிகாலுக்குள்ள, கழிவுநீர்த் தொட்டிக்குள்ள தன்னார்வலரையும் இறக்கக் கூடாது, கூலி ஆளையும் இறக்கக் கூடாது. "சும்மா ரெண்டு அடிதான் தம்பி"ன்னு யார் சொன்னாலும் கூடாது.

சிட்லபாக்கம் ஏரியைப் பத்தி ஒரு வார்த்தை. 2019 கோடையில தண்ணி வத்திக் கிடந்தப்ப, அந்தப் பகுதி மக்களே இறங்கி வேலை செஞ்சாங்க. அவங்க செஞ்சதுல பெரிய விஷயம், அவங்க அள்ளின குப்பையோட எடை இல்ல. அதைப் பார்த்து ஊரே பேச ஆரம்பிச்சு, ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கற நிலைமை வந்துதே, அதுதான். தன்னார்வலர் கை வெச்சா அரசு கை எடுக்கக் கூடாது, அரசும் கை வெக்கணும். அந்த ஏரியில கழிவுநீர் கலக்கற பேச்சு அதுக்கப்புறமும் ஓயல. அதை மண்வெட்டியால தீர்க்க முடியாது, பாதாளச் சாக்கடைத் திட்டத்தாலதான் தீர்க்க முடியும்.

வெளிநாட்டு உதாரணம் இல்லாம ஐ.டி. விங் பேச்சு முடியாதுன்னு கிண்டல் பண்ணுவீங்க. ஒண்ணே ஒண்ணு. நியூயார்க் சென்ட்ரல் பார்க், 843 ஏக்கர். 1970-கள்ல அந்த நகரம் திவாலாகற நிலைக்குப் போனப்ப பார்க்கும் பாழாப் போச்சு. 1980-ல மக்கள் பக்கத்துல இருந்து ஒரு அமைப்பு உருவாகி, நகர நிர்வாகத்தோட சேர்ந்து வேலை ஆரம்பிச்சுது. பிற்பாடு அவங்க கொண்டுவந்த ஒரு ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிச்சது. மொத்தப் பூங்காவையும் 49 மண்டலமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் சம்பளம் வாங்கற ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினாங்க. தன்னார்வலர் வந்தா அவர்கிட்டதான் போகணும், அவர் சொல்ற வேலையைத்தான் செய்யணும். புல்லு காஞ்சா யாரைக் கேக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம பூங்காவுல புல்லு காஞ்சா யாரைக் கேப்பீங்க? வாட்ச்மேனைக் கேட்டா கான்ட்ராக்டர், கான்ட்ராக்டரைக் கேட்டா மண்டல அலுவலகம், அங்க கேட்டா "ஃபைல் மேல போயிருக்கு சார்."

ஆனா அந்தக் கதையோட இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். பார்க்கைச் சுத்தி இருக்கிறவங்க உலகத்துலயே பெரிய பணக்காரங்க. 2012-ல ஒரே ஒருத்தர் 10 கோடி டாலர் கொடுத்தார். அதே நகரத்துல ஏழைங்க இருக்கிற பகுதிப் பூங்காக்களுக்கு அப்படி ஒருத்தரும் வரல. அந்த விமர்சனம் அங்கேயே பலமா எழுந்துச்சு. தன்னார்வலரையும் நன்கொடையையும் மட்டும் நம்பினா, நேரமும் காசும் இருக்கிறவன் ஏரியாதான் பச்சையாகும். நம்ம ஊர்லயும் அண்ணா நகர், அடையாறுல ஞாயித்துக்கிழமை வேலைக்கு ஆள் கிடைப்பாங்க. வியாசர்பாடியில, கொடுங்கையூர்ல ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போறவங்கதான் அதிகம்.

"கட்சிக்கு என்ன வேலை?"ன்னு கேட்டீங்கல்ல, இங்கதான் வருது. குடியிருப்போர் சங்கம் இல்லாத தெருவுலயும் நமக்குக் கிளை இருக்கு. என்.ஜி.ஓ. போகாத வார்டுலயும் பூத் கமிட்டி இருக்கு. நாம போகாம வேற யார் போறது? என் கருத்து, முதல் இருபது குழுவும் வடசென்னையில இருந்து ஆரம்பிக்கணும். தென்சென்னைத் தோழர்கள் என்னைத் திட்டலாம், பரவாயில்ல.

"கவுன்சிலர் வேற கட்சி ஆச்சே, பேர் அவருக்குத்தானே போகும்?"னு ஒரு தோழர் கேட்டார். போகட்டும். கவுன்சிலர் நம்ம கட்சியா இருந்தாலும் இதே மனு, வேற கட்சியா இருந்தாலும் இதே மனு. பூங்கா கேட்டுல நம்ம கொடிக் கம்பம் நட்டீங்கன்னா, அடுத்த வாரம் அவங்க கம்பம் வரும். அதுக்கடுத்த வாரம் அங்க நடக்கறது வாக்கிங் இல்ல, வாய்ச்சண்டை. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எந்தப் பொண்ணும் தனியா வர மாட்டா. வேற கட்சிக்கு ஓட்டுப் போடற பெரியவரும் நம்ம கூட நின்னு மண்வெட்டி பிடிக்கணும். அவர் துண்டு கலரைப் பார்க்காதீங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். பராமரிக்கிறதுக்கு முன்னாடி அந்த இடம் இருக்கணும்ல?

ஓ.எஸ்.ஆர். நிலம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. திறந்தவெளி ஒதுக்கீடு. 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல ஒரு மனைப்பிரிவு போட்டா, சாலை போக மீதி நிலத்துல 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியா ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிஞ்சு கொடுக்கணும். 3,000-ல இருந்து 10,000 சதுர மீட்டர் வரைன்னா நிலமாக் கொடுக்கலாம், இல்ல அதுக்கு ஈடா வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டலாம். புரியற மாதிரி சொல்றேன். சாலை போக அஞ்சு ஏக்கர் மனைப்பிரிவுன்னா அரை ஏக்கர் ஊருக்குச் சொந்தம். கிட்டத்தட்ட ஒன்பது கிரவுண்டு. இன்னைய ரேட்டுல ஒன்பது கிரவுண்டு என்ன விலைன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. இதுக்கு முன்னாடி போட்ட மனைப்பிரிவுகள்லயும் பொது இடம் ஒதுக்கியிருப்பாங்க, வரைபடத்துல பச்சை கலர்லயோ "பூங்கா"ன்னு எழுதியோ இருக்கும்.

வரைபடத்துல இருக்கும். நேர்ல? முதல்ல ஒரு கோயில் வரும், இல்ல ஒரு கார் ஷெட் வரும். அப்புறம் யாரோ கட்டட ஜல்லி கொட்டுவாங்க. அப்புறம் சுத்தி ஒரு தகர வேலி. பத்து வருஷம் கழிச்சு "இது எங்க தாத்தா நிலம்"னு ஒரு பேப்பர் வரும். சுத்தி இருக்கிறவங்களுக்கு அது பூங்கா இடம்னே தெரியாது, அதனால யாரும் கேக்க மாட்டாங்க.

கேட்டா என்ன ஆகும்னும் தெரிஞ்சுக்கங்க. பெங்களூருல பூங்காவுக்குன்னு ஒதுக்கின ஒரு இடத்தை ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தாங்க. மருத்துவமனையும் நல்ல விஷயம்தானேன்னு தோணும். அந்தப் பகுதி மக்கள் விடல, வழக்குப் போட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1991-ல உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்னுச்சு. பொதுப் பூங்காவுக்கு ஒதுக்கின இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு மாத்தித் தர முடியாதுன்னுச்சு. அந்தப் பகுதியில குடியிருக்கிறவங்களுக்கு இதைக் கேக்க உரிமை இருக்குன்னும் சொல்லுச்சு. இன்னைக்கும் இந்தியா முழுக்க பூங்கா வழக்குன்னாலே வக்கீல்கள் எடுத்துக் காட்டற தீர்ப்பு அது.

மண்வெட்டி பிடிக்க முடியாத தோழர்களே, இது உங்க வேலை. நம்ம பிரிவுல இருக்கிறவங்க ஒரு மீமை மூணு நிமிஷத்துல போடுவோம், எதிர்த்தரப்பு பத்து வருஷத்துக்கு முன்னாடி பேசின வீடியோவை அஞ்சு நிமிஷத்துல தேடி எடுப்போம். அந்தத் திறமையைக் கொஞ்சம் இங்க திருப்புங்க. உங்க ஏரியா மனைப்பிரிவு அனுமதி வரைபடம் வேணும்னு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள்ல பதில் தரணும். வரைபட நகல், தானப் பத்திர எண், இப்ப அந்த இடம் என்ன பயன்பாட்டுல இருக்கு, இந்த மூணையும் கேளுங்க. பதில் வந்ததும் செல்போனை எடுத்துட்டு அந்த இடத்துக்கு நடந்து போங்க. நாலு மூலையிலயும் நின்னு இருப்பிடத்தைப் பதிவு பண்ணுங்க, படம் எடுங்க. இந்த ஒரு இடத்துல மட்டும் எவ்வளவு போட்டோ வேணாலும் எடுங்க, நீங்க மட்டும் ஃப்ரேம்ல நிக்காதீங்க.

ஆக்கிரமிப்பு இருந்தா அங்கேயே சண்டை போடாதீங்க. அது உங்க வேலையும் இல்ல, பாதுகாப்பும் இல்ல. குடிசை போட்டு ஒரு குடும்பம் இருந்தா அவங்களை மிரட்டற வேலையை இந்தக் கட்சி செய்யாது. மாற்று இடம் கொடுக்கச் சொல்லிக் கேக்கறதுதான் நம்ம வேலை. தகர வேலிக்குப் பின்னாடி ஷெட் போட்டு வாடகை வாங்கறவர் கதை வேற. எதுவா இருந்தாலும் ஆவணத்தை நம்ம வழக்கறிஞர் அணிகிட்டக் கொடுங்க, பகுதி சபைக் கூட்டத்துல எழுத்து மூலமா வைங்க, மினிட்ஸ்ல ஏறிடுச்சான்னு பார்த்துட்டுத்தான் எழுந்து வரணும். 2022-ல இருந்து நகரத்துலயும் இந்த சபைக் கூட்டம் நடக்குது, கிராமசபை மாதிரி. நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்குக் கூட்டம் வெச்சா பாதி நாற்காலி காலியாத்தான் கிடக்குது. அந்த நாற்காலியில உக்காருங்க. பொதுக்கூட்டத்துக்கு ஆயிரம் நாற்காலி நிரப்பத் தெரிஞ்ச நமக்கு அம்பது நாற்காலி நிரப்பத் தெரியாதா?

நடைமுறைக்கு வரேன். ஒரு இடத்துக்கு அஞ்சுல இருந்து எட்டுப் பேர். பன்னிரண்டு ஞாயிறு. அதுவரைக்கும் கட்சிப் பக்கத்துல அந்தக் குழுவைப் பத்தி எதுவும் வராது, என்னையே கெஞ்சினாலும் போட மாட்டேன், அட்மின் பாஸ்வேர்டு என்கிட்டதான் இருக்கு. முதல் ஞாயிறு எந்த வேலையும் கிடையாது. பூங்காவைச் சுத்தி நடங்க, வாட்ச்மேன் பேரையும் தூய்மைப் பணியாளர் பேரையும் கேளுங்க, அங்க தினமும் வர்ற பத்துப் பேர்கிட்ட என்ன குறைன்னு கேட்டு எழுதுங்க. ரெண்டாவது வாரம் அந்தப் பட்டியலோட மண்டல அலுவலகம் போய், நாங்க இன்ன வேலை செய்யறோம், நீங்க இன்ன வேலை செய்யுங்கன்னு எழுத்துல கொடுத்து முத்திரை வாங்குங்க. அனுமதி கையில வந்த பிறகுதான் மண்வெட்டி. ஒரு நோட்டு போடுங்க. நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, யார் வந்தாங்க, என்ன செஞ்சாங்க, என்ன பாக்கி. கூகுள் ஷீட்தான் போடுவேன்னு அடம்பிடிக்கிற தோழர்கள் போடுங்க, ஆனா நோட்டும் இருக்கணும். செல்போன் இல்லாத தாத்தாவும் அதைப் புரட்டிப் பார்க்கணும்.

மரக்கன்று எப்ப? பன்னிரண்டு வாரம் முடிஞ்சு, அடுத்த ரெண்டு கோடைக்கு யார் யார் எந்தக் கிழமை தண்ணி ஊத்துவாங்கன்னு நோட்டுல பேர் எழுதிக் காட்டுங்க. எத்தனை பேர் இருக்கோ அத்தனை கன்று. ஏழு பேர்னா ஏழு.

பேர் கொடுக்க விரும்பறவங்க வார்டு எண், வரக்கூடிய ஒரு கிழமை, ஒரு மணி நேரம், இந்த மூணை மட்டும் இந்தப் பதிவுக்குக் கீழ எழுதுங்க. "எப்ப கூப்பிட்டாலும் வரேன் தோழர்"னு எழுதறவங்களுக்கு நான் இதயம் போடுவேன், ஆனா பட்டியல்ல சேர்க்க மாட்டேன். சேர்க்கணும்னா நேரம் சொல்லுங்க.



#நம்மவார்டு #நம்மபூங்கா #பன்னிரண்டுஞாயிறு